பேத்துப்பாறை வளைவில் ஏழு போன்கள்

என்னை ஏமாற்றியது ஒரு கல்யாணப் பத்திரிகை. இதை முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். முப்பது வருடத்துக்கு மேல் கொடைக்கானல் பஜாரிலும் பழனி அடிவாரத்திலும் கடை கடையாக ஏறி இறங்கி, "தெரியாத ஃபைலைத் திறக்காதீங்க" என்று தொண்டை வறளச் சொன்னவன் நான். ஓய்வு பெற்று நான்கு மாதம்கூட ஆகவில்லை. பெரியகுளத்துச் சொந்தக்காரர் ஒருவரின் எண்ணிலிருந்து பத்திரிகை என்று ஒன்று வந்தது. யார் வீட்டுக் கல்யாணம், என்றைக்குப் பிரியாணி என்று பார்க்கிற அவசரத்தில் திறந்துவிட்டேன்.

எங்கள் பழைய கம்பெனியில் இப்போது வேலை பார்ப்பவர்கள் சின்ன வியாபாரிகளுக்காக ஒரு கையேடு போடுகிறார்கள். "சார், உங்க அனுபவத்திலேருந்து பத்துப் பாதுகாப்பு விதி எழுதித் தாங்க" என்று கேட்டார்கள். பத்து விதி எழுத நான் எதற்கு? பேங்க் வாசலில் ஒட்டியிருக்கிற நோட்டீஸிலேயே அது இருக்கிறது. எனக்கு எழுதத் தோன்றுவது இரண்டு பெண்களைப் பற்றி. ஒருவர் என் முதலாளி திலகவதி மேடம். இன்னொருவர் பேத்துப்பாறை வளைவில் டீக்கடை வைத்திருக்கும் பேச்சியக்கா. இருவருக்கும் நான் வாய் திறந்து நன்றி சொன்னதில்லை. கையேட்டில் இடம் இருந்தால் போடட்டும், இல்லாவிட்டால் அவர்கள் இஷ்டம்.

என் பெயர் காதர் மைதீன். பஜாரில் அந்தப் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. "கம்ப்யூட்டர் பாய்" என்று கேட்டால் வீடு வரைக்கும் கொண்டுவந்து விடுவார்கள். திண்டுக்கல்லில் ரேடியோ, டிவி மெக்கானிக் படிப்பு படித்தேன். வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மேடத்தின் கடையில் சேர்ந்தபோது எனக்குத் தெரிந்தது சால்டரிங் மட்டும்தான். டைப்ரைட்டர், ஜெராக்ஸ் மிஷின், பிறகு கம்ப்யூட்டர், பிறகு இன்டர்நெட் என்று உலகம் மாற மாற நாங்களும் மாறினோம். பஞ்சாமிர்தக் கடை, லாட்ஜ், ஹோம்மேட் சாக்லேட் கடை, தைலக் கடை, மலைப்பூண்டு கமிஷன் மண்டி எல்லாம் எங்கள் வாடிக்கை. ஆரம்பத்தில் பிரிண்டர் ஓடவில்லை என்று கூப்பிட்டவர்கள், போகப் போக "பாய், எவனோ உள்ள பூந்துட்டான்" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அப்படித்தான் இந்தப் பாதுகாப்பு வேலை எங்கள் தலையில் வந்து விழுந்தது.

மேடம் வேலை செய்கிற விதத்தைப் பார்த்தால் முதலில் எரிச்சல்தான் வரும். ஒரு கடைக்குப் போனால் மிஷினைத் தொட மாட்டார். கல்லா நாற்காலியில் உட்காரச் சொன்னால் உட்கார மாட்டார், ஸ்டூல் கேட்பார். ஒரு டீ வாங்கிக் குடித்துக்கொண்டு, "நீங்க பாட்டுக்கு உங்க சோலியப் பாருங்க" என்று சொல்லிவிட்டு ஒரு மணி நேரம் சும்மா பார்ப்பார். யார் வந்து எதைத் தொடுகிறார்கள், பாஸ்வேர்ட் எந்தச் சாமி படத்துக்குப் பின்னால் இருக்கிறது, போனை யார் எடுக்கிறார்கள், எல்லாம் அவருடைய கோடு போட்ட நோட்டில் பென்சிலால் ஏறும். மலை ஈரத்தில் பேனா எழுதாது என்பதால் பென்சில். இடது ஓரத்தில் மணி, வலதில் நடந்தது. எனக்கோ கை துறுதுறு என்று இருக்கும். "மேடம், பத்து நிமிஷத்துல ஆன்டிவைரஸ் போட்டுட்டுக் கெளம்பலாமே" என்பேன். "பூட்டு வாங்கறதுக்கு முன்னால கதவு எதுன்னு தெரிய வேண்டாமா காதர்?" என்பார்.

அடி விழுந்த இடத்துக்குப் போனால் இன்னொரு முறை. மிஷினை அணைக்கக் கூடாது, இன்டர்நெட் வயரை மட்டும் பிடுங்க வேண்டும். திரையில் இருப்பதைப் போட்டோ எடுக்க வேண்டும். மணியை எழுத வேண்டும். அதன் பிறகு கடைக்காரரிடம் கேள்வி. மேடம் "ஏன் திறந்தீங்க?" என்று கேட்டு நான் பார்த்ததே இல்லை. "சரி, அப்புறம்?" என்பார். கடைக்காரர் ஏதாவது சொல்வார். "அப்புறம்?" இந்த ஒரே சொல்லை வைத்துக்கொண்டு ஒரு ஆளின் ஒரு வாரத்தையே வெளியே எடுத்துவிடுவார்.

இந்தப் பழக்கம் அவருக்கு எங்கிருந்து வந்தது என்பது பழனி லாட்ஜ் ஒன்றில் எனக்குத் தெரிந்தது. தைப்பூசத்துக்கு முந்தின வாரம். லாட்ஜ் மேனேஜர் சண்முகவேல் ஒரு மெயிலை பில் என்று நினைத்துத் திறந்திருக்கிறார். கம்ப்யூட்டரில் இருந்த எல்லாமும் பூட்டிக்கொண்டது. எந்தப் பாதயாத்திரைக் குழு எந்த அறைக்கு வருகிறது, குழுத் தலைவரின் நம்பர் என்ன, எதையும் திறக்க முடியவில்லை. நாங்கள் அங்கே இரண்டாவதாக ஒரு டிஸ்க் வைத்து, தினமும் சாயங்காலம் தானாகவே நகல் எடுக்கிற மாதிரி செய்திருந்தோம். மனிதர் பயந்துபோய் மூன்று நாள் யாரிடமும் மூச்சு விடவில்லை. அந்த மூன்று சாயங்காலமும் டிஸ்க் தன் வேலையை ஒழுங்காகச் செய்தது. பூட்டிக் கிடந்த ஃபைலை நல்ல நகலின் மேலேயே எழுதிவிட்டது. முதல் நாளே சொல்லியிருந்தால் அந்த டிஸ்கை உருவி எடுத்திருப்போம்.

நான் அன்றைக்கு சண்முகவேலைக் கிழித்துத் தொங்கவிட்டேன். அவர் முதலாளி அவரை வேலையை விட்டே அனுப்பினார். பாதி அறைக்கு யார் வருகிறார்கள் என்றே தெரியாமல் அந்தத் தைப்பூசம் போயிற்று. திரும்பி வரும்போது பஸ்ஸில் மேடம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அவரு வைரஸுக்குப் பயப்படல காதர். நம்மளுக்குப் பயந்தாரு."

அடுத்த நாள் கடையில் எங்கள் எல்லோருக்கும் ஒரு உத்தரவு. இனிமேல் யார் என்ன தப்பு செய்துவிட்டு நம்மிடம் வந்தாலும், நாம் பேசுகிற முதல் வாக்கியம் "நல்ல வேளை, சொன்னீங்க" என்பதாகத்தான் இருக்க வேண்டும். அதற்கு முன்னால் வேறு எந்தச் சொல்லும் வாயிலிருந்து வரக் கூடாது. நானும் தலையாட்டினேன். வாய் அதைப் பழகிக்கொண்டது. மனசு பழக ரொம்ப நாள் ஆனது என்பது பேத்துப்பாறையில் வெளிப்பட்டது.

பேத்துப்பாறை ஊருக்கு ஒரு வசதிக் குறைவு உண்டு. வளைவுக்குக் கீழே சரிவில் இருக்கும் வீடுகளில் போன் எடுக்காது. வளைவில் இருக்கும் பேச்சியக்கா டீக்கடையில் நன்றாக எடுக்கும். அந்தச் சரிவில் தோட்டத்து வீடுகளில் இரண்டு மூன்று அறை ஒதுக்கி, டூரிஸ்டுகளுக்கு ஹோம்ஸ்டே விடுகிறவர்கள் ஏழு பேர். ஏழு பேரும் ஆளுக்கு ஒரு பட்டன் போன் வாங்கி, துணிப்பையில் போட்டு, பையில் வீட்டுப் பெயரை எழுதி, டீக்கடைச் சுவரில் ஆணி அடித்து மாட்டியிருந்தார்கள். எந்தப் பை அலறினாலும் பேச்சியக்கா எடுப்பார். "புஷ்பம் வீடுங்க. சனி, ஞாயிறு ரூம் இல்ல. திங்கக்கெழமை வாங்க, வெந்நி உண்டு." ஒரு கையில் வடிகட்டி, ஒரு கையில் போன். ஏழு வீட்டு புக்கிங்கும் அவர் தலையில்தான் இருந்தது. சாயங்காலம் வீட்டுக்காரர்கள் மேலே வந்தால் ஒவ்வொருவருக்கும் ஒப்பிப்பார். வந்திருந்த மெசேஜையும் படித்துச் சொல்லிவிட்டு, போன் நிறைந்துவிடக் கூடாது என்று அழித்துவிடுவார். கூலி என்று எதுவும் கிடையாது. ஹோம்ஸ்டேக்கு வரும் டிரைவர்கள் சாப்பிடுவது அவர் கடையில், அவ்வளவுதான்.

கொரோனாவுக்குப் பிறகு வந்த முதல் நல்ல சீசன் அது. ஒரு சனிக்கிழமை வெள்ளனே புஷ்பம் வீட்டு வாசலில் இரண்டு வேன் வந்து நின்றது. இரண்டு குடும்பம். போனில் புஷ்பம் வீட்டுப் படத்தைக் காட்டி, ரூம் எங்கே என்று கேட்டார்கள். மூன்று அறையிலும் ஏற்கெனவே ஆள் இருந்தது. பதினோரு மணிக்குக் கைக்குழந்தையோடு இன்னொரு குடும்பம், வெளியே பனியும் தூறலும். எல்லோரும் புக்கிங் தளத்தில் புஷ்பம் வீட்டுப் பக்கத்தில் இருந்த எண்ணில் பேசி, அட்வான்ஸ் கட்டியிருந்தார்கள். அந்த எண் புஷ்பத்தின் எண் இல்லை. எவனோ அவர் கணக்குக்குள் புகுந்து பாஸ்வேர்டை மாற்றி, எண்ணையும் மாற்றி வைத்திருந்தான்.

புஷ்பம் அந்தக் கைக்குழந்தைக் குடும்பத்தைத் தன் படுக்கையறையில் தங்கவைத்துவிட்டு, வளைவுக்கு ஓடிவந்து மேடத்தைக் கூப்பிட்டார். "மேடம், என் வீட்டுப் பேரச் சொல்லி ஊரை ஏமாத்திட்டு இருக்கான். நாளைக்கு இன்னும் எத்தன பேரு வந்து நிப்பாங்கன்னு தெரியல. அவங்க பாக்கறது என் மூஞ்சியத்தான?" வீட்டின் மேல் இருந்த கடனைவிட, வந்தவர்கள் தன்னைத் திருடி என்று நினைப்பார்களே என்பதுதான் அவருக்குத் தாங்கவில்லை. புகார் கூடினால் தளத்துக்காரர்கள் வீட்டை ஒரேயடியாக நீக்கிவிடுவார்கள் என்றும் தெரியும். அப்படி நடந்தால் அந்தச் சீசன் மட்டும் அல்ல, பிழைப்பே போய்விடும்.

நானும் மேடமும் ஜீப்பில் போய் இறங்கினோம். மேடத்துக்கு முழங்கால் வலி, மெதுவாக வந்தார். நான் முன்னால் போய்விட்டேன். கடையில் பத்துப் பேர் நின்றுகொண்டிருந்தார்கள்.

"அக்கா, புஷ்பம் போனுக்கு ஏதாச்சும் நம்பர் வந்து யார்ட்டயாவது சொன்னீங்களா?"

"ஆமா பாய். புக்கிங் ஆபீசுலேருந்து கேட்டாக. சொன்னேன்."

"சொன்னீங்களா? ஓடிபியச் சொன்னீங்களா?"

"போனுல வர்றதச் சொல்றதுதான பாய் என் சோலி?"

இன்று நினைத்தாலும் அந்தப் பதிலில் ஒரு குற்றமும் இல்லை. வருகிறதைச் சொல்லத்தானே ஏழு வீடும் அவரை நம்பி போனைக் கொடுத்தது? எனக்கு அப்போது அது புரியவில்லை. மூக்குக்கு மேல் வந்த கோபத்தில், பத்துப் பேர் முன்னால் கேட்டேன். "உங்களுக்கு அறிவிருக்கா? ஒரு குடும்பத்தையே நடுத்தெருவுல நிறுத்திட்டீங்களே!"

பேச்சியக்கா கையிலிருந்த வடிகட்டியைக் கீழே வைத்தார். அடுப்பைக் குறைத்தார். சுவரில் இருந்த ஏழு பையையும் ஒவ்வொன்றாகக் கழற்றி பெஞ்சில் வைத்தார். "அவுகவுக போன அவுகவுக எடுத்துட்டுப் போகட்டும். எனக்கு அறிவில்ல, எனக்கெதுக்கு இது" என்றார். அப்புறம் முகத்தைத் திருப்பிக்கொண்டு பால் சட்டியைத் தேய்க்க ஆரம்பித்தார். யார் பேசினான், எப்போது பேசினான், என்ன கேட்டான் என்று நான் எத்தனையோ விதமாகக் கேட்டேன். தேய்க்கிற சத்தம் மட்டும்தான் பதில்.

புஷ்பத்தின் பட்டன் போனைப் பார்த்தேன். மெசேஜ் அழிக்கப்பட்டிருந்தது. சீசன் நேரத்தில் வந்த அழைப்புகள் பழையதைத் தள்ளிவிட்டிருந்தன. தளத்தின் உதவி எண்ணைக் கூப்பிட்டால், கடைசியாக எப்போது ஓடிபி கோடு வந்தது, அதற்குப் பிறகு என்ன மாறியது என்று விவரம் கேட்டார்கள். அந்த விவரம் இருந்த ஒரே இடம் பேச்சியக்கா தலை. அதைத்தான் நான் பூட்டிவிட்டிருந்தேன்.

அப்போதுதான் மேடம் வந்து சேர்ந்தார். பெஞ்சில் கிடந்த பைகளைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். பைகளை ஓரமாக நகர்த்தி உட்கார்ந்து, "ஒரு டீ குடுங்கக்கா, சீனி கம்மியா" என்றார். டீ வந்தது. பாதி டம்ளர் காலியானது.

"நல்ல வேளைக்கா, கேட்டதும் மறைக்காமச் சொன்னீங்க" என்றார் மேடம். "இல்லன்னா நாங்க ரெண்டு நாளு திருடன் எந்தப் பக்கமா வந்தான்னே தெரியாமச் சுத்திட்டு இருந்திருப்போம்."

பேச்சியக்கா சட்டியைக் கீழே வைத்தார். முந்தானையால் கையைத் துடைக்கிற சாக்கில் கண்ணையும் துடைத்துக்கொண்டார்.

"வியாழக்கெழமை மேடம். பால் வண்டி வந்து நின்னுச்சு, அப்பத்தான் மொத போனு."

"பால் வண்டி எத்தன மணிக்கு வரும்?"

"ஆறே முக்காலுக்கு. ஆம்பளக் குரல். அக்கா அக்கான்னு பேசுனான். சீசனுக்கு உங்க ஊரு வீட்டையெல்லாம் மொதப் பக்கத்துல போடப் போறோம், ஒரு நம்பர் வரும், வெரசாச் சொல்லுங்கன்னான். புஷ்பத்துக்கு நல்லதுதானன்னு சொல்லிட்டேன்."

"சரி. அப்புறம்?"

"அப்புறம் ராயப்பன் வீட்டுப் போனுக்கு வந்துச்சு. அப்புறம் அந்தப் பட்டர் ஃப்ரூட் தோட்டத்து வீட்டுக்கு. மூணுக்கும் சொன்னேன்."

மேடத்தின் பென்சில் நின்றது. நானும் அவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். புஷ்பம் வீடு ஒன்றுதான் போயிற்று என்று நினைத்திருந்தோம். மற்ற இரண்டு வீட்டுக்காரர்களுக்கும் தங்கள் கணக்கு கைமாறியதே தெரியாது. நான் திட்டி மூடவைத்த வாய் மூடியே இருந்திருந்தால் எங்களுக்கும் தெரிந்திருக்காது.

ஆள் விட்டு ராயப்பனையும் தோட்டத்து வீட்டுக்காரரையும் மேலே கூப்பிட்டோம். அவர்கள் கணக்கில் திருடன் பாஸ்வேர்டை மட்டும் மாற்றியிருந்தான், எண்ணை இன்னும் மாற்றவில்லை. பாஸ்வேர்ட் மறந்துவிட்டது என்று கொடுத்தால், கோடு பழையபடி பெஞ்சில் கிடக்கும் போனுக்கே வரும். என் லேப்டாப்பைப் பெஞ்சில் வைத்துக் கொடுத்தேன். ராயப்பன் பை அலறியது. பேச்சியக்கா போனை எடுத்துப் பார்த்தார். மேடத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"இப்பச் சொல்லலாமா மேடம்?"

"போனுக்குச் சொந்தக்காரரு உங்க முன்னால நிக்கிறாரு. அவரு காதுல சொல்லுங்க."

எங்கள் முதல் விதி பிறந்தது அந்த நிமிஷத்தில்தான். பதினைந்து நிமிடத்தில் இரண்டு வீடும் திரும்பி வந்தன.

புஷ்பம் வீட்டுக்குத்தான் பாடு. உதவி எண்ணில் பாட்டுப் போட்டுக் காக்கவைத்தார்கள். ஒருவர் எடுத்தால் இன்னொருவருக்கு மாற்றினார். ஒவ்வொருவரிடமும் மேடம் அதே நிதானத்தில், நோட்டைப் பார்த்து, வியாழக்கிழமை காலை ஆறே முக்காலிலிருந்து வரிசையாகச் சொன்னார். அந்த நேரத்தைக் கேட்ட பிறகுதான் எதிர்முனையில் இருந்தவர் தங்கள் பதிவோடு ஒப்பிட்டு, "சரியா இருக்குங்க" என்றார். புஷ்பத்தின் அடையாள அட்டையை அனுப்பி, அவர் முகத்தை வீடியோவில் காட்டி, நாலரை மணிக்குக் கணக்கு கைக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமைக்கு நான்கு குடும்பம் புக் செய்திருந்தது அதில் தெரிந்தது. ஒவ்வொருவரையும் பேச்சியக்காவே கூப்பிட்டு, நடந்ததைச் சொல்லி, கெளம்பிவிடாதீங்க என்றார். ஒருவர் கத்தினார். பேச்சியக்கா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீங்க திட்டறது நாயந்தாங்க. ஆனா இந்த மழையில கொழந்தகுட்டியோட வந்து நிக்கறதுக்கு இது தேவலைல்ல?" என்றார். புஷ்பம் கடை வாசலில் உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுதார். சைபர் கிரைம் போலீஸில் புகார் எழுதிக் கொடுத்தோம். பணம் போன குடும்பங்களுக்கு அது திரும்பி வந்ததா என்பது எனக்குத் தெரியாது. அது மட்டும் இன்றும் மனசில் உறுத்திக்கொண்டு கிடக்கிறது.

போன்களை அவரவர் வீட்டில் வைக்கச் சொல்லிவிடலாம் என்றேன் நான். "வீட்டுல போன் எடுக்காதே காதர். எடுக்காத எடத்துல வச்சுட்டு எதைப் பாதுகாக்கப் போறோம்?" என்றார் மேடம். அந்த ஊர் தன் வசதிக்குக் கண்டுபிடித்த வழியை மாற்றாமல், அதற்கு ஏற்ற பூட்டைத்தான் தேடினார். கோடு வந்தால் பையில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிட வேண்டும், வீட்டுக்காரர் நேரில் வந்து நின்றால் மட்டும் சொல்ல வேண்டும். ரூம் உண்டா, வெந்நீர் உண்டா என்பதைத் தவிர யார் எதைக் கேட்டாலும், "வைங்க, நான் திருப்பிக் கூப்பிடறேன்" என்று சொல்லி வைத்துவிட வேண்டும். திருப்பிக் கூப்பிடுவது அவர்கள் தருகிற எண்ணுக்கு அல்ல, சுவரில் இருக்கிற எண்ணுக்கு. தெரிந்த ஆளே மெசேஜில் கேட்டாலும் இதே விதிதான். அந்த எண்களை டீக்கடைச் சுவரில் பச்சை பெயின்டால் எழுதினோம். ஒவ்வொரு பெயருக்கும் இரண்டு எண் வேண்டும், ஒன்று திருட்டுப் போனால் இன்னொன்று இருக்கும் என்றார் மேடம். முதல் வரியில் என் பெயர். பக்கத்தில் என் எண், அதற்குப் பக்கத்தில் என் மனைவி ஜமீலாவின் எண்.

அடுத்த வாரம் நான் தனியாகப் போனேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் சொல் கூட்டிக்கொண்டு போனேன். கடையில் நின்று, "அக்கா, அன்னைக்கு நான்..." என்று ஆரம்பித்ததும் பேச்சியக்கா, "டீ ஆறுது, குடிங்க பாய்" என்று டம்ளரை நீட்டிவிட்டார். அதோடு சரி. அதன் பிறகு மாதம் ஒரு முறை நான் வேறு வேறு ஆளாக நடித்து அங்கே போன் செய்வேன். மின்சார ஆபீஸ், பார்சல் கம்பெனி, பேங்க். இரண்டாவது மாதமே, "பாய், மொதல்ல கொரல மாத்துங்க" என்று சிரித்தார். ஆனாலும் வைத்துவிட்டுத் திருப்பிக் கூப்பிடத் தவறியதில்லை. அவரைக் கூட்டிக்கொண்டு போய் பஜார் வியாபாரிகளுக்கு முன்னால் பேசவும் வைத்தோம். நான் ஒரு மணி நேரம் பேசி ஏறாதது, அவர் "ஆமா, நாந்தான் சொன்னேன்" என்று ஆரம்பித்த உடனே ஏறியது. கூட்டம் முடிந்ததும் இரண்டு பேர் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, இதுவரை மறைத்து வைத்திருந்ததைச் சொன்னார்கள்.

இனி அந்தக் கல்யாணப் பத்திரிகைக்கு வருகிறேன். திறந்தேன், ஒன்றும் தெரியவில்லை, ஏதோ பழுது என்று போனை வீட்டிலேயே வைத்துவிட்டு மதிய லுஹர் தொழுகைக்குப் போனேன். திரும்பி வந்தபோது ஜமீலா வாசலிலேயே நின்றிருந்தாள், கையில் அவள் போன்.

"பேச்சியக்கா லைன்ல இருக்காங்க. உங்க நம்பருக்கு ரெண்டு தடவ அடிச்சாங்களாம், யாரோ கட் பண்றாங்களாம்."

போனை வாங்கினேன்.

"பாய், நீங்க எனக்கு வாட்ஸ்அப்புல ஏதாச்சும் அனுப்புனீங்களா?"

"இல்லையே அக்கா."

"உங்க பேருல வந்துருக்கு. என் போனுக்கு ஒரு கோடு தப்பா வந்துருச்சாம், வெரசா அனுப்பணுமாம். கோடும் வந்துச்சு. சுவத்துல இருக்கறபடி உங்களுக்கு அடிச்சேன், எடுக்கல. அதான் ரெண்டாவது நம்பருக்கு அடிச்சேன்."

பத்திரிகை என்று நான் திறந்தது, என் போனையே எவனோ ஒருவன் கையில் கொடுத்திருந்தது. என் போனில் பஜாரின் எல்லாக் கடைக்காரர்களின் எண்ணும் இருந்தது. லாட்ஜ், மண்டி, பள்ளிவாசல் ஜமாஅத், எல்லாம். "பாய் கேட்டா யோசிக்காமக் குடுத்துருவோம்" என்று சொல்கிறவர்கள் அவர்கள். முப்பது வருடமாக அவர்களுடைய கணக்கைக் காத்துக் காத்து நான் சேர்த்த நம்பிக்கை அது. அதைத்தான் ஒருவன் எடுத்து அவர்கள் மேலேயே வீசிக்கொண்டிருந்தான்.

"பாய், ஒண்ணு கேக்கறேன். தெரியாம ஏதாச்சும் தொறந்தீங்களா?"

உண்மையைச் சொல்கிறேன், அந்த நேரத்தில் இல்லை என்று சொல்லத்தான் வாய் வந்தது. கம்ப்யூட்டர் பாய் ஏமாந்தான் என்று பஜாரில் தெரிந்தால் எந்த முகத்தோடு நடப்பேன்? ஆபீஸ் பையன்களிடம் கமுக்கமாகச் சொல்லிச் சரிசெய்துகொள்ளலாம், நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்றெல்லாம் ஓடியது. அப்போதுதான் சண்முகவேல் ஞாபகம் வந்தார். மூன்று நாள் அந்த மனிதர் எதைச் சுமந்துகொண்டு உட்கார்ந்திருந்தார் என்பது, அவரைத் திட்டி இத்தனை வருடம் கழித்து எனக்கு விளங்கியது.

"ஆமாக்கா. கல்யாணப் பத்திரிகைன்னு வந்துச்சு. தொறந்துட்டேன்."

எதிர்முனையில் பாய்லர் கொதிக்கிற ஓசை கேட்டது.

"நல்ல வேளை பாய், சொன்னீங்க" என்றார் பேச்சியக்கா.

இந்த வாக்கியத்தை நான் நூற்றுக்கணக்கான பேருக்குச் சொல்லியிருக்கிறேன். எனக்கு ஒருவர் சொல்லிக் கேட்டது அன்றுதான். அதில் என்ன இருக்கிறது என்று மேடத்துக்குத் தெரிந்திருந்தது, பேச்சியக்காவுக்குத் தெரிந்திருந்தது. எனக்குத்தான் அதுவரை தெரியவில்லை. கண் கலங்கிவிட்டது. ஜமீலா என்ன என்ன என்று தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"போன அணைக்காதீங்க, நெட்ட மட்டும் பிடுங்கிவிடுங்க" என்று எனக்கே பாடம் எடுத்தார் பேச்சியக்கா. "வத்தலக்குண்டு மேடத்துக்கு அடிச்சுட்டேன், ஆபீசுப் பசங்க கெளம்பி வர்றாங்களாம். சுவத்துல இருக்கற அத்தன பேருக்கும் நான் சொல்லிட்டேன். பஜாருக்கு ஜமீலாக்கா போனுலேருந்து நீங்களே உங்க வாயால சொல்லுங்க. உங்க கொரலு கேட்டாத்தான் நம்புவாக."

"சரிக்கா" என்றேன். தயங்கித் தயங்கி, "அக்கா... அன்னைக்கு உங்க கடையில நான் ஒண்ணு கேட்டேன்..." என்றேன்.

"அட, கெளம்புங்க பாய், வெரசா" என்று சிரித்தார் பேச்சியக்கா. "உங்களுக்கு அறிவிருக்கான்னு நான் கேக்க மாட்டேன், பயப்படாதீங்க."